புரையேறாத பிள்ளை

ஜூன் 3

இந்த டைரி அச்சகத்தில் தள்ளுபடியானது. தேதிக்கும் கிழமைக்கும் ஒரு நாள் இடிக்கிறது. அங்கே பிழை திருத்துகிற வேலை என்னுடையதுதான். நான் மசக்கையில் படுத்துக்கிடந்த நேரம் பார்த்து அச்சேற்றிவிட்டார்கள். அதே அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துவந்து, "வீட்ல சும்மாதான இருக்க, எழுது முப்பி" என்றார். முப்பிடாதி என்ற பெயரை நறுக்குகிற தைரியம் கோவில்பட்டியிலேயே அவர் ஒருவருக்குத்தான். சும்மா இருக்கிறேனாம். இருக்கட்டும்.

பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகிறது. நாள் நிறையாமல் பிறந்து, திருநெல்வேலியில் கோடை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவன். பெயர் செந்திலதிபன். கூப்பிடுவது அதிபன். ஆகவே வீட்டில் இப்போது அதிபர் ஆட்சி. அவர் எழுந்தால் நாங்கள் எழ வேண்டும், அவர் தூங்கினால் மிக்ஸி ஓடக்கூடாது.

மார்பில் உறிஞ்சிக் குடிக்க அவனுக்குத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சி, மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டும். நர்ஸுகள் அதைப் பாலாடை என்றார்கள். எங்கள் வளவில் சங்கு என்பார்கள். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

ஜூன் 5

கிண்ணத்தைக் கொதிக்க வைத்தேன். பீய்ச்சினேன். கொடுத்தேன். தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கிண்ணத்தைக் கொதிக்க வைத்தேன்.

ஜூன் 9

வேலம்மா மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, இதே வளவில் அடுத்த வீடு. நான் குளிக்கட்டும் என்று பிள்ளையை வாங்கிப் பால் கொடுத்துப் பார்த்தார். அதிபன் வாயை இறுக்கிக்கொண்டான். விடாமல் ஊற்றவும் பால் முழுக்கக் கடைவாய் வழியாக வழிந்து மதினியின் சேலை நனைந்தது.

"என்னத்தா இவன், எங்கிட்ட ஏதோ விளக்கெண்ணெயக் குடுத்த மாதிரி துப்புதான்."

நான் வாங்கினேன். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, தாடையை ஒரு விரலால் தாங்கி, உள்கன்னத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவன் விழுங்கும்வரை அடுத்த சொட்டு விடக்கூடாது. பொறுமைதான் சூட்சுமம். ஒரு துளி வெளியே வரவில்லை.

"நீ கெட்டிக்காரிதான். எம்பிள்ளைகளுக்குப் புரையேறிப் புரையேறி உச்சியத் தட்டியே எங்கையி ஓஞ்சு போச்சு" என்றார் மதினி.

"இவனுக்கு இதுவரைக்கும் ஒரு தடவகூடப் புரையேறுனதில்ல மதினி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். மதினி என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிக் கேட்பது கல்யாணமாகி இதுவே முதல் தடவை.

ஜூன் 17

காய்ச்சல். மூச்சு விடும்போது நெஞ்சில் கறகறவென்று சத்தம். டாக்டரிடம் ஓடினோம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார். பால் குடிக்கும்போது புரையேறுகிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டு மருந்து கொடுத்தார்.

மதினி என் சாப்பாட்டில் கை வைத்துவிட்டார். தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, மின்விசிறி கூடாது. பால் குளிர்ச்சியாகிவிடுமாம். பூண்டுக் குழம்பும் சுட்ட அப்பளமுமாக வெக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவைச் சாத்தி வைத்திருக்கிறது, காற்று படக்கூடாது என்று. எனக்கும் சேர்த்துத்தான் படவில்லை.

ஜூன் 26

காய்ச்சல் விட்டது. மறுபடியும் நன்றாகக் குடிக்கிறான். ஆனால் எடை ஏறவில்லை. அழுகை மட்டும் முன்னைப்போல் கணீரென்று இல்லை, தொண்டையில் தண்ணீரை வைத்துக்கொண்டு அழுவதுபோல் இருக்கிறது. பால் கொடுக்கும்போது கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. வயிறு நிறைகிற சுகத்தில் வருவது என்று நினைக்கிறேன்.

இன்றைக்குக் கிண்ணத்தை முழுதாகக் காலி செய்தான். இவர் அச்சகத்திலிருந்து வந்ததும் வெறும் கிண்ணத்தைத்தான் முதலில் காட்டினேன்.

ஜூலை 4

அச்சக முதலாளி அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். 'புதுமனை புகுவிழா' என்கிற அழைப்பிதழ் 'புதுமனைவி புகுவிழா' என்று அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டதாம். அந்த வீட்டம்மாள் அச்சகத்துக்கே வந்து நின்றுவிட்டாளாம். "எப்பம்மா வருவ? நீ இல்லாம இங்க ஒரு பக்கம் உருப்படியா போக மாட்டுக்கு."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. போனை வைத்த பிறகு அழுதேன். எப்போது வருவேன்? ஒரு வேளைப் பாலுக்கும் அடுத்த வேளைப் பாலுக்கும் நடுவில் எனக்குக் கிடைப்பது ஒரு குளியல் அல்லது ஒரு தூக்கம், இரண்டும் சேர்ந்து கிடையாது. என்னைத் தவிர யாரிடமும் குடிக்க மாட்டான். கெட்டிக்காரி என்ற பட்டத்துக்கு இதுதான் கூலி.

பூக்காரி தெருவில் கூவிக்கொண்டு போவது கேட்கிறது. அவள் முகத்தைப் பார்த்துப் பல நாளாகிறது.

ஜூலை 8

மறுபடியும் நெஞ்சுச்சளி. இந்தத் தடவை உதடு நீலம் பாரித்துவிட்டது. திருநெல்வேலியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். காற்றே படாமல் பொத்தி வைத்திருந்த பிள்ளைக்கு எங்கிருந்து சளி வருகிறது?

ஜூலை 15

நஸ்ரின் மேடம் என்று ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்கு விழுங்கப் பழக்குகிற வேலையாம். அதற்கென்று படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அதிபனின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நான் ஒரு துளி சிந்தவில்லை. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"போதும்மா, நிறுத்திக்கோங்க" என்றார்.

"இன்னும் பாதிகூடக் குடிக்கலியே மேடம்."

"ரொம்பப் பக்குவமாத்தான் குடுக்கறீங்க. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. மதுரைக்கு ஒரு எக்ஸ்ரேக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் டியூப்ல குடுப்போம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிள்ளை குடிக்கிற ஒன்றை மட்டும்தான் ஒழுங்காகச் செய்கிறான், அதையும் நிறுத்தச் சொல்கிறார். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

ஜூலை 19

மதுரை. பாலில் ஒரு வெள்ளை மருந்தைக் கலந்து, எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடுக்க வேண்டும். என்னிடம்தான் குடிப்பான் என்பதால் என்னையே கொடுக்கச் சொன்னார்கள். கனமான ஒரு கவசத்தை மாட்டிவிட்டார்கள். நஸ்ரின் மேடமும் வந்திருந்தார்.

திரையில் என் பிள்ளையின் மண்டையும் கழுத்தும் எலும்பாகத் தெரிந்தன. பால் ஒரு கறுப்புக் கோடாக இறங்கியது. தொண்டையில் இரண்டாகப் பிரிந்தது.

"பின்னாடி போறது வயித்துக்கு. முன்னாடி போகுது பாருங்க, அது மூச்சுக்குழாய்" என்றார் மேடம்.

நான் அடுத்த சொட்டை விட்டேன். அதுவும் முன்னால் போனது. அவன் இருமவில்லை, முகம் சுளிக்கவில்லை. என்னையே பார்த்தபடி அடுத்த வாய்க்குக் காத்திருந்தான். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"நமக்கெல்லாம் தப்பா உள்ள போனா இருமல் வந்து வெளிய தள்ளிடும். அவசரமாப் பொறந்த சில பிள்ளைங்களுக்கு அந்த இருமல் வராது. சத்தமே இல்லாம நுரையீரலுக்கு இறங்கிடும்."

"நான் புரையேறலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே மேடம்."

"உண்மையைத்தான் சொன்னீங்க. நாங்கதான் புரையேறுதான்னு மட்டும் கேட்டுட்டு விட்டுட்டோம். உங்க மேல தப்பு இல்லம்மா."

புரை என்ற சொல்லை எத்தனை தாள்களில் திருத்தியிருக்கிறேன். புரையேறுவது ஒன்று, புரையோடுவது ஒன்று. வெளியே ஆறினதுபோல் இருந்து உள்ளுக்குள் புண் பரவினால் அதற்குப் பெயர் புரையோடுவது. என் பிள்ளைக்குப் புரையேறவில்லை. மதினியிடம் வாயை மூடிக்கொண்டான், வெளியே வழியவிட்டான், தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். என்னிடம் மட்டும் வாயைத் திறந்தான்.

ஜூலை 20

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 28

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். அது நகராமல் கன்னத்தில் பிளாஸ்திரி. வாயில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது. ஊசி இல்லாத சிரிஞ்சைக் குழாயில் மாட்டி உயரத் தூக்கிப் பிடித்தால் பால் தானாக இறங்குகிறது. சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எனக்கு நேரம் மிச்சமாகிறது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, குழாயை அவன் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். கைகளுக்கு இவருடைய பழைய சாக்ஸை வெட்டி உறை போட்டிருக்கிறேன்.

தெருவில் யாராவது எட்டிப் பார்த்தால் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். மதினி மட்டும் நேராகக் கேட்டுவிட்டார்: "மூக்கு வழியாவா பாலு? நாக்குல ருசியே படாம எப்படித்தா வளரும்?"

அதைத்தான் நானும் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 3

நஸ்ரின் மேடம் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். குழாயில் பால் இறங்கும்போது சுத்தமான விரலை அவன் வாயில் வைக்க வேண்டும். சப்புவான். வயிறு நிறைவதும் வாய் சப்புவதும் ஒன்றுதான் என்று மறக்காமல் இருப்பதற்கு.

"எத்தனை நாள் மேடம்?"

"நாள் சொல்ல மாட்டேன். மாசமாகலாம். சில பிள்ளைங்களுக்கு அதுக்கு மேலயும். இருமல் வருதான்னு பாருங்க. எச்சில் தொண்டையில பட்டு, தானா, பலமா இருமணும். அது வந்தா உடனே எனக்கு போன் பண்ணுங்க."

ஊரில் எல்லாத் தாயும் இருமல் நிற்க வேண்டுகிறாள்.

ஆகஸ்ட் 6

கை பழக்கத்தில் கிண்ணத்தைக் கொதிக்க வைத்துவிட்டேன். கொஞ்சம் பாலும் எடுத்துவிட்டேன். அவன் விரலைச் சப்பிவிட்டு, ஒன்றும் வராமல், என் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கொடுக்கவில்லை. கீழே ஊற்றிவிட்டேன். ஊற்றும்போது அவன் உதட்டில் ஒரு சொட்டு பட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 7

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. மறுபடியும் நெற்றி. கிண்ணத்தை மதினியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். எடுத்து வைக்க இங்கே இடமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 13

இவர் தும்மினால் திரும்புகிறேன். மேல்வீட்டுக்காரர் பீடி இருமல் இருமினால் திரும்புகிறேன். அதிபன் மட்டும் சாதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 21

குளிக்கப் போனேன். தலைக்கு ஊற்றிக்கொண்டு வர எவ்வளவு நேரமாகிவிடும்? வெளியே வந்தால் மதினி மடியில் பிள்ளை, கையில் அந்தக் கிண்ணம்.

"காத்தச் சப்பிக்கிட்டுக் கெடக்கானேன்னு ரெண்டே ரெண்டு வாய்தான் குடுத்தேன். இன்னைக்கு எங்கிட்டயே அழகாக் குடிச்சான் தெரியுமா? புரைகூட ஏறல!"

நான் போட்ட சத்தத்தில் வளவு முழுக்கக் கூடிவிட்டது. என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் திருத்த வேண்டியிருக்கும். மதினி என் காலில் விழாத குறை. "நானும் பெத்தவதான, பட்டினி கெடக்குன்னு நெனச்சேன்" என்று அழுதார். புரைகூட ஏறவில்லை என்று அவர் சொன்னது நான் சொன்ன வார்த்தைதான். அதனால்தான் இன்னும் கூடுதலாகக் கத்தினேன் போலிருக்கிறது.

இனிமேல் குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைத்துத் தொட்டிலைப் பார்த்தபடி குளிக்கப்போகிறேன்.

ஆகஸ்ட் 23

காய்ச்சல். திருநெல்வேலி.

ஆகஸ்ட் 30

திரும்பி வந்தோம். மதினி வாசலோடு நிற்கிறார், உள்ளே வரவில்லை. இவர் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். "அக்கா பாவம் முப்பி, சாப்பிடவே மாட்டுக்கு" என்றார். நான் மட்டும் மூன்று வேளையும் விருந்தா சாப்பிடுகிறேன்?

சாயங்காலம் நானே போய்க் கூப்பிட்டேன். மதினி வந்து தொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாஸ்தாவுக்கு நேந்திருக்கேன். பிள்ளை பிழைச்சு வந்தா அவரு முன்னாலயே சோறூட்டுதோம்னு."

செப்டம்பர் 4

ஐந்து நாளாகச் சோறூட்டுப் பேச்சுதான். பிள்ளைக்கு முதல் சோற்றைச் சாமி முன்னால் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் அது சரிதான். என் பிள்ளைக்கு அந்த ஒரு வாய் ஆஸ்பத்திரி.

"வாய்க்குள்ள வேண்டாம். சும்மா காட்டிட்டு எடுத்துருவோம். நான் பூசாரிகிட்டச் சொல்லிருதேன்" என்றார் இவர்.

"மறக்காமச் சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன்னேன்ல."

நஸ்ரின் மேடத்திடமும் போனில் கேட்டேன். வாய்க்குள் போகாதவரை கோயிலுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள், நீங்களும் வெளியே போய் நாளாகிறது என்றார். 

செப்டம்பர் 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஆட்டோ பிடித்துச் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். எங்கள் மூன்று பேரோடு மதினியும், இவருடைய சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேரும். வெயில் முகத்தில் அடித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வானத்தை முழுதாகப் பார்த்தேன். அதிபன் சாக்ஸ் போட்ட கையைத் தூக்கி வெளிச்சத்தைத் தடுத்தான்.

தாய்மாமன் மடியில் வைத்து ஊட்டுவது வழக்கம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அதனால் என் மடியில். வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல், நெய் மினுமினுக்க. பூசாரி வந்து உட்கார்ந்து, ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊட்டிய கையால் ஒரு சிட்டிகை எடுத்தார். இவர் சொல்லியிருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன். பூசாரியின் கை காட்டிவிட்டு நிற்கவில்லை. நேரே வாய்க்கு வந்தது.

அதிபன் வாயைத் திறந்தான். மற்றவர்களிடம் இறுக்கி மூடிக்கொள்கிற பிள்ளை, நெய் வாசத்துக்கு, ஆவென்று திறந்தான்.

நான் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்திவிட்டேன். பூசாரியின் விரல் என் புறங்கையில் இடித்துச் சோறு அப்பியது. மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"என்னம்மா இது, சாமி காரியம்" என்றார் பூசாரி.

"பெத்த தாயி பிள்ளை வாயப் பொத்துதாளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் பூசாரியிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். கையை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளங்கையில் அவன் உதடு சப்பிக்கொண்டிருந்தது.

அப்போது மதினி எழுந்தார். "வாயில வச்சா எம்மருமகன் செத்துப்போவான். நான் வச்சுப் பாத்துட்டேன். யாரும் வாயத் தெறக்காதீங்க" என்றார். 

"சாமி சோத்தக் கீழ போடக்கூடாதே" என்று பூசாரி மட்டும் முனகினார்.

"குடுங்க" என்று அவர் கையில் மிச்சமிருந்ததை வாங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். கோபம், அழுகை, பசி எல்லாம் ஒன்றாக இருந்தது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. மெல்லாமல் விழுங்கினேன். ஒரு பருக்கை மாறிப்போய்விட்டது.

அப்படி ஒரு புரை என் ஆயுசில் ஏறியதில்லை. மூச்சு நின்றது, கண் பிதுங்கியது, வயிற்றிலிருந்து கிளம்பி இருமல் உடம்பையே உலுக்கியது. மதினி உச்சியில் தட்டினார். "யாரோ நெனைக்காகத்தா, யாரோ நெனைக்காக." பூசாரியே தண்ணீர் கொண்டுவந்தார். ஒரே ஒரு பருக்கைக்கு உடம்பு இத்தனை கூப்பாடு போடுகிறது. அவனுக்கு வேளாவேளைக்குப் போனது, ஒரு கூப்பாடு இல்லை. என் தொண்டைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இதைக் கொஞ்சம் அவனுக்குக் கொடுக்க முடியாதா? இருமிக்கொண்டே அழுதேன், எது எதனால் வருகிற கண்ணீர் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மடியில் ஏதோ சத்தம். குனிந்தேன். அதிபன் சிரித்துக்கொண்டிருந்தான். குழாய் ஆட, பிளாஸ்திரி சுருங்க, ஈறு தெரியச் சிரித்தான். என் இருமல் அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. இன்னொரு தடவை பொய்யாக இருமிக் காட்டினேன். மறுபடியும் சிரித்தான். பிறகு என் வாயையே பார்த்தான். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் குவித்து, 'க்ஹ' என்றான்.

பொய் இருமல்தான். நஸ்ரின் மேடம் கேட்டது இது இல்லை என்று எனக்குத் தெரியும். போன் பண்ணவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் 'க்ஹ' என்றேன், அவன் 'க்ஹ' என்றான். இவர் தலை நிமிராமல் "மன்னிச்சுக்கோ முப்பி" என்றார். அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் இருமினேன். மதினியும் இருமினார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "எல்லாருக்குமாம்மா இருமலு? நல்லாக் கசாயம் வச்சுக் குடிச்சா நின்னுரும்" என்றார்.

"நிக்க வேண்டாம்ணே, நீங்க மெதுவாப் போங்க" என்றேன்.